சிறார் மூட்டழற்சி: படம் பார்த்துப் போடப்படும் ஊசி எதற்காக?

கனடாவின் டொரன்டோ நகருக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள விட்பி போன்ற புறநகர்களில், மூட்டுவலியால் அவதிப்படும் பெரியவர்கள் ஸ்கேன் உதவியுடன் முழங்காலிலோ தோள்பட்டையிலோ ஊசி போட்டுக்கொள்வது இன்று வழமையான ஒரு சிகிச்சையாகிவிட்டது.

ஆனால் அதே ஊரில் 6 வயதுப் பிள்ளை ஒன்றின் மூட்டு வாரக்கணக்கில் வீங்கியிருந்தால், அந்தப் பிள்ளை பெரும்பாலும் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், டொரன்டோ நகர மையத்தில் இருக்கும் சிறுவர் மருத்துவமனைக்கே அனுப்பி வைக்கப்படுகிறது.

இரண்டு இடங்களிலும் ஊசியும் ஸ்கேன் கருவியும் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்தும் ஒரே வகையைச் சேர்ந்ததுதான். அப்படியிருக்க, பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல் என்ற கேள்வி பெற்றோருக்கு எழுவது இயல்பு.

ஸ்காபரோவிலிருந்து கிழக்கு நோக்கிப் பெயர்ந்து பிக்கரிங், ஏஜாக்ஸ், விட்பி, ஒஷாவா ஆகிய ஊர்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். பெரியவர்களில் பலருக்கு ஊசி போடப்படுவது வலியைக் குறைக்க. பிள்ளைகளுக்கு அது போடப்படுவது, வளரும் எலும்பைச் சேதப்படுத்தக்கூடிய அழற்சியைத் தணிக்க. இந்த வேறுபாட்டில்தான் மேற்கண்ட கேள்விக்கான விடை இருக்கிறது.

தேய்மானம் அல்ல, அழற்சி

பெரியவர்களுக்கு வரும் மூட்டுவலியில் பெரும்பகுதி குருத்தெலும்பு தேய்வதால் ஏற்படுவது. பிள்ளைகளுக்கு வருவது வேறு வகை. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, மூட்டுக்குள் நீர் கோர்த்து, மூட்டு வீங்கி விறைத்துப் போகிறது.

16 வயதுக்கு முன்பு தொடங்கி, குறைந்தது 6 வாரங்கள் நீடிக்கும், வேறு காரணம் கண்டறிய முடியாத இத்தகைய மூட்டழற்சியை மருத்துவர்கள் 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்று அழைக்கின்றனர். லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1897 ஆம் ஆண்டிலேயே பிள்ளைகளின் மூட்டுநோயைத் தனித்து விவரித்திருந்தார். எனினும் நோயின் இன்றைய வகைப்பாடு, கனடாவின் எட்மன்டன் நகரில் 2001 ஆம் ஆண்டு நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைகளை அடிப்படையாகக் கொண்டது.

ஏறத்தாழ 1,000 பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. எண்ணிக்கை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

நோயின் பெரிய சிக்கல், அது பல வேளைகளில் சத்தமில்லாமல் வருவதுதான். சின்னஞ்சிறு பிள்ளை வலிக்கிறது என்று சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் நொண்டுகிறது, மாடிப்படியில் தூக்கிச் செல்லும்படி கேட்கிறது. மதியத்துக்குள் ஓடியாடத் தொடங்கிவிடுகிறது. விழுந்திருப்பான் என்றோ, வளரும் பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்றோ வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதில் வாரங்கள் கழிந்துவிடுகின்றன.

வளர்ச்சி வலி என்று சொல்லப்படுவது வழக்கமாக மாலையிலோ இரவிலோ இரு கால்களிலும் வருவது. அதில் மூட்டு வீங்குவதில்லை, காலையில் விறைப்பும் இருப்பதில்லை. காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் அது அழற்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

வளரும் எலும்பும் காலமும்

பிள்ளைகளின் மூட்டழற்சியில் காலம் முக்கியமாவதற்குக் காரணம், அவர்களின் எலும்புகள் வளர்ந்துகொண்டிருப்பதே.

எலும்பின் முனைகளுக்கருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் பகுதி உள்ளது. முழங்காலில் அழற்சி நீடிக்கும்போது அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் அதிகரித்து, சிறு பிள்ளைகளில் அந்தக் காலின் எலும்பு மற்றக் காலைவிட வேகமாக வளர்ந்துவிடலாம். விளைவு, ஒரு கால் நீண்டும் மறுகால் குட்டையாகவும் அமைவது.

தாடை மூட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கீழ்த்தாடையின் வளர்ச்சிப் பகுதி மூட்டின் மேற்பரப்பிலேயே இருப்பதால், அங்கு ஏற்படும் அழற்சி வளர்ச்சியைத் தடுக்கிறது. முகவாய் உள்வாங்கியோ முகம் ஒருபுறம் சரிந்தோ போகலாம். வாய் திறப்பதும் மெல்லுவதும் கடினமாகலாம்.

முழங்கால் அழற்சிக்குத் தொடக்கத்திலேயே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட சிறு பிள்ளைகளில் கால் நீள வேறுபாடு குறைவாக இருந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 1999 ஆம் ஆண்டு தெரிவித்தனர். ஊசி வலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை, வளர்ச்சியையும் பாதுகாக்கக்கூடும் என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

மாத்திரைக்குப் பதில் மூட்டுக்குள் மருந்து

ஸ்டீராய்டு மருந்துகளின் வரலாறே மூட்டழற்சியோடு தொடங்கியது எனலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் 1948 ஆம் ஆண்டு, கார்டிசோன் என்ற பொருளை மூட்டழற்சி நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார். அதன் விளைவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1950 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

ஆனால் மருந்தின் மறுபக்கமும் விரைவிலேயே தெரியவந்தது. ஸ்டீராய்டை நீண்டகாலம் உட்கொள்ளும் பிள்ளைகளின் உயரம் குன்றுகிறது, முகம் உப்புகிறது, எலும்பு பலவீனமாகிறது, தொற்றுநோய்களை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது.

ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜோசஃப் ஹாலண்டர் 1951 ஆம் ஆண்டில், ஹைட்ரோகார்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்தும் முறையை வெளியிட்டார். மருந்து தேவைப்படும் இடத்தில் மட்டும் அதிக அளவில் இருக்க, உடலின் மற்றப் பகுதிகளுக்குக் குறைவாகவே சென்றடைகிறது. இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் இதுதான்.

அமெரிக்க மூட்டுவாத நோயியல் கல்லூரி 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு சில மூட்டுகளை மட்டும் பாதிக்கும் வகைக்கு, தொடக்கச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மூட்டு ஊசியை வலுவாகப் பரிந்துரைக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரைகளை இவ்வகையில் தவிர்ப்பது நல்லது என்பதும் அந்நெறிகளின் நிலைப்பாடு.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சும் பெற்றோருக்கு இது முக்கியமான செய்தி. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையும் மூட்டுக்குள் எப்போதாவது போடப்படும் ஊசியும் ஒரே அளவான ஆபத்து உடையவை அல்ல.

படம் எதற்கு?

முழங்கால் மூட்டு தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. நீர் கோர்த்திருந்தால் கையால் தொட்டே உணர முடியும். அனுபவமுள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் படத்தின் உதவியில்லாமலேயே முழங்காலில் ஊசி போட்டு வருகின்றனர். அங்கு ஸ்கேன் பயன்படுத்துவதால் பலன் பெரிதும் கூடுகிறது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

இடுப்பு மூட்டின் நிலை வேறு. அது தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. தொடைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்பும் அதற்கு முன்புறமாகவே செல்கின்றன. தாடை மூட்டு காதுக்கு முன்னால் மிகச் சிறிய இடத்தில் அமைந்துள்ளது. கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டும் இப்படிப்பட்டவையே. இவற்றில் விரல் தடவி இடம் காண்பது கடினம்.

கணுக்கால் வீக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளியே ஒரே வீக்கமாகத் தெரிவது, உள்ளே கணுக்கால் மூட்டிலா, அதற்குக் கீழுள்ள மூட்டிலா, அல்லது அருகே செல்லும் தசைநாணின் உறையிலா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தவறான இடத்தில் போடப்படும் மருந்து அழற்சி உள்ள இடத்தைச் சேராமல் வீணாகும்.

எட்டுவதற்குக் கடினமான மூட்டுகளுக்கும், அழற்சி எங்கே இருக்கிறது என்று துல்லியமாக அறிய வேண்டிய வேளைகளிலும், படத்தின் வழிகாட்டலுடன் ஊசி போடுவதை 2022 ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிகளும் பரிந்துரைக்கின்றன.

மூன்று வகைப் படமுறைகள் பயன்பாட்டில் உள்ளன. அல்ட்ராசவுண்ட் முறையில் கதிர்வீச்சு இல்லை. கோர்த்திருக்கும் நீர் திரையில் கருமையாகவும், ஊசி வெண்மையான கோடாகவும் தெரியும். ஊசி முனை நீருக்குள் நுழைவதையும் மருந்து பரவுவதையும் மருத்துவர் நேரடியாகப் பார்க்க முடியும்.

ஃபுளோரோஸ்கோப்பி என்பது எக்ஸ்-ரே படத்தைத் தொடர்ந்து காட்டும் முறை. அதில் சிறிதளவு நிறமூட்டும் திரவத்தை முதலில் செலுத்தி, அது மூட்டின் வடிவத்தில் பரவுகிறதா என்று பார்த்து இடத்தை உறுதி செய்கின்றனர். மூன்றாவது சி.டி. ஸ்கேன்.

பின்னைய இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு. வளரும் திசுக்கள் கதிர்வீச்சால் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம், பிள்ளைகளுக்கு முன்னால் நீண்ட வாழ்நாளும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு அளவைக் குறைக்க வலியுறுத்தி, வட அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர்கள் 2008 ஆம் ஆண்டில் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற பெயரில் ஓர் இயக்கத்தையே தொடங்கினர். அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும் மூட்டுக்கு அதையே முதலில் பயன்படுத்துவது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள அணுகுமுறை.

டொரன்டோவின் அனுபவம்

டொரன்டோவின் யூனிவர்சிட்டி அவென்யூவில் உள்ள 'சிக்கிட்ஸ்' மருத்துவமனை 1875 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிள்ளைகளுக்கான மூட்டுவாத நோய்ப் பிரிவும், படத்தின் துணையுடன் சிகிச்சை அளிக்கும் தனிப் பிரிவும் அங்கு உள்ளன.

தாடை மூட்டு ஊசியை அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் போட முடியுமா என்பதை இந்த மருத்துவமனையின் கதிரியக்க வல்லுநர்கள் ஆராய்ந்து, 2010 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அல்ட்ராசவுண்ட் மூலம் ஊசியை நிலைநிறுத்திய பிறகு, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று சி.டி. படத்தால் சோதித்ததில், பெரும்பாலானவை சரியாகவே அமைந்திருந்தன. பிள்ளையின் தலைப்பகுதி ஏற்கும் கதிர்வீச்சைக் குறைக்க வழியுண்டு என்பதை இது காட்டியது.

அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வு தமிழர்களின் கவனத்துக்கு உரியது. பல இன மக்கள் வாழும் டொரன்டோவில், எந்த வம்சாவளிப் பிள்ளைகளுக்கு எந்த வகை மூட்டழற்சி வருகிறது என்பதை அங்குள்ள மூட்டுவாத நோய் நிபுணர்கள் ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதலாக இருந்தது. ஆனால் ஆசிய வம்சாவளி நோயாளிகளிடையே, தசைநாண் எலும்போடு இணையும் இடங்களைத் தாக்கும் வகை ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்பட்டது. இந்தியாவிலுள்ள மருத்துவ மையங்களின் ஆய்வுகளும் இவ்வகை அங்கு பெருமளவில் காணப்படுவதாகத் தெரிவித்துள்ளன.

இவ்வகை பெரும்பாலும் 6 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு வருவது. குதிகால், இடுப்பு மூட்டு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாதிப்பது. எச்.எல்.ஏ. பி27 எனும் மரபுக்கூறுடன் தொடர்புடையது.

அதாவது, தெற்காசியப் பிள்ளைகளிடையே ஒப்பீட்டளவில் அதிகம் காணப்படும் வகை, கையால் தொட்டு அறிய முடியாத ஆழமான மூட்டுகளையே நாடுகிறது. விளையாட்டில் பிடித்துக்கொண்டது என்று எண்ணப்படும் குதிகால் வலியோ இடுப்பு வலியோ இந்நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். படத்தின் துணையுடன் நோயைக் கண்டறிவதும் ஊசி போடுவதும் இவ்வகைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பயன் தரக்கூடும்.

எந்த மருந்து, எவ்வளவு?

பிள்ளைகளின் பெரிய மூட்டுகளுக்கு நிபுணர்கள் விரும்புவது ட்ரையம்சினலோன் ஹெக்ஸாசெட்டனைடு என்ற மருந்தை. அது எளிதில் கரையாததால் மூட்டுக்குள் நீண்டகாலம் தங்கி வேலை செய்கிறது. இந்தியாவில் கெனகார்ட் என்றும் வட அமெரிக்காவில் கெனலாக் என்றும் விற்கப்படும் ட்ரையம்சினலோன் அசெட்டனைடு இதற்கு உறவுடைய மருந்தே. ஆனால் அது விரைவில் கரைந்துவிடுகிறது.

ஒரே பிள்ளையின் ஒரு மூட்டுக்கு ஒரு மருந்தையும் எதிர்ப்புற மூட்டுக்கு மற்றதையும் செலுத்தி இத்தாலிய ஆய்வாளர்கள் நடத்திய ஒப்பீட்டின் முடிவுகள் 2004 ஆம் ஆண்டில் வெளியாயின. ஹெக்ஸாசெட்டனைடு செலுத்தப்பட்ட மூட்டுகளில் நோய் அடங்கியிருந்த காலம் தெளிவாக நீண்டிருந்தது.

எனினும் பெரிய சந்தை இல்லாத மருந்து என்பதால், இது வட அமெரிக்காவில் தட்டுப்பாட்டுக்கு உள்ளான காலங்களும் உண்டு.

முழங்கால், இடுப்பு, தோள் போன்ற பெரிய மூட்டுகளுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் என்ற கணக்கில், 40 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். கணுக்கால், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றுக்கு ஏறத்தாழ அதில் பாதி. மூட்டையும் பிள்ளையின் நிலையையும் பொறுத்து மருத்துவர் இதை மாற்றுவார்.

ஊசி போடும் நாள்

அசையாமல் படுத்திருக்கும்படி பெரியவரிடம் சொல்ல முடியும். 3 வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஊசி முனை மூட்டுக்குள் இருக்கும்போது குழந்தை திமிறினால் குருத்தெலும்பு கீறப்படலாம்.

ஆகவே, பதின்ம வயதினருக்குத் தோலை மரக்கச் செய்யும் மருந்தும் ஊசியும் போதுமாக இருக்க, நடுத்தர வயதுப் பிள்ளைகளுக்கு முகமூடி வழியே சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு பல இடங்களில் பயன்படுகிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும், ஒரே நாளில் பல மூட்டுகளுக்கு ஊசி தேவைப்படுவோருக்கும் முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. அதற்கு முன் சில மணி நேரம் உணவு உண்ணக்கூடாது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். ஓரிரு நாட்கள் ஓட்டமும் குதிப்பும் தவிர்க்கப்படுகின்றன.

பிள்ளைகளின் மூட்டுவாத நோய் நிபுணர், பிள்ளைகளின் உடலமைப்பை அறிந்த கதிரியக்க வல்லுநர், பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுப்பதில் பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், பின்னர் மூட்டை நீட்டி மடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் என ஒரு குழுவே இதற்குத் தேவைப்படுகிறது. விட்பியிலிருந்து பிள்ளைகள் நகர மையத்துக்கு அனுப்பப்படுவதற்குக் காரணம் இந்தக் குழுவே.

ஒன்டாரியோவில் மருத்துவர் பரிந்துரைக்கும் இத்தகைய மருத்துவமனைச் சிகிச்சையை மாகாண மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. மருந்தகத்தில் வாங்கும் மருந்துகளைப் பொறுத்தவரை, தனியார் காப்பீடு இல்லாத 24 வயதும் அதற்கு உட்பட்டவர்களும், பட்டியலிடப்பட்ட மருந்துகளை அரசின் 'ஓஹிப் ப்ளஸ்' திட்டத்தில் பெற முடியும். நிபுணரைக் காணக் குடும்ப மருத்துவர் அல்லது குழந்தைநல மருத்துவரின் பரிந்துரை தேவை.

பக்கவிளைவுகள்

மூட்டுக்குள் கிருமித் தொற்று ஏற்படுவது மிக அரிது. ஆனால் ஊசிக்குப் பிறகு மூட்டு சிவந்து, காய்ச்சலுடன் வலி கூடினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்து ஊசி சென்ற வழியே கசிந்தால், அவ்விடத்தில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு சுருங்கிச் சிறு குழி விழலாம், தோலின் நிறமும் வெளுக்கலாம். கறுத்த, மாநிறத் தோலில் இந்த வெளுப்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல இது மறைகிறது. சிறிய மூட்டுகளுக்கு எளிதில் கரையும் மருந்தைத் தெரிவு செய்வதும், ஊசி முனை மூட்டுக்குள்தான் இருக்கிறது என்று படத்தில் உறுதி செய்வதும் இந்த வாய்ப்பைக் குறைக்க உதவும்.

சில நாட்களுக்கு முகம் சிவத்தல், எரிச்சலான மனநிலை, பசி கூடுதல் ஆகியன ஏற்படலாம். நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு இரத்தச் சர்க்கரை உயரக்கூடும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும்.

தாடை மூட்டு விஷயத்தில் மருத்துவ உலகம் இன்று முன்பைவிட எச்சரிக்கையாக உள்ளது. ஊசி போடப்பட்ட சில பிள்ளைகளின் மூட்டுக்குள் புதிதாக எலும்பு படிந்ததும், திரும்பத் திரும்ப ஊசி போடுவது தாடை வளர்ச்சியையே பாதிக்கலாம் என்ற ஐயமும் இதற்குக் காரணம். எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குத் தாடை ஊசியை அளவோடு பயன்படுத்துமாறு அமெரிக்க நெறிகள் கூறுகின்றன.

ஊசி மட்டும் போதுமா?

ஊசி அந்த மூட்டின் அழற்சியை அடக்குகிறது. நோயை வேரோடு அகற்றுவதில்லை.

இத்தாலியின் 10 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு, 2017 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவுபடுத்துகிறது. ஊசி மட்டும் போடப்பட்ட பிள்ளைகளில் 32 சதவீதத்தினருக்கும், ஊசியுடன் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் கொடுக்கப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கும், ஓராண்டுக்குப் பிறகும் ஊசி போட்ட மூட்டுகள் அனைத்திலும் நோய் அடங்கியிருந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

மூன்றில் ஒரு பங்கினருக்கு ஓராண்டு நிம்மதி என்பது சிறிய பயனல்ல. ஆனால் மீதமுள்ளோருக்கு மறு ஊசியோ, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தோ, எட்டனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகளோ தேவைப்படலாம். ஒரே மூட்டு சில மாதங்களிலேயே மீண்டும் வீங்கினால், சிகிச்சைத் திட்டத்தையே மாற்றுவது குறித்து நிபுணர்கள் சிந்திக்கின்றனர்.

கண்ணையும் மறக்கலாகாது. இந்நோயுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கண்ணுக்குள் அழற்சி ஏற்படுகிறது. அது சிவப்போ வலியோ இல்லாமல் பார்வையைப் பறிக்கக்கூடியது. மூட்டு ஊசியால் கண் காப்பாற்றப்படுவதில்லை. மூட்டு வீக்கம் வற்றிவிட்டாலும், நிபுணர் குறித்த இடைவெளியில் ஸ்லிட் லாம்ப் கருவியால் கண் பரிசோதனை தொடர வேண்டும்.

தமிழகத்திலும் இலங்கையிலும்

தமிழகத்தில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., இலங்கையில் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளே பிள்ளைகளின் சிக்கலான நோய்களுக்குக் கடைசிப் புகலிடமாக உள்ளன. கிராமத்திலிருந்து அங்கு வந்து சேருவதற்குள் பல கைகள் மாறுவது வழக்கம்.

அங்கு முன்னெச்சரிக்கை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரே மூட்டு மட்டும் வீங்கியிருந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். கிருமித் தொற்றுள்ள மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்துவது நோயைத் தீவிரப்படுத்தும். அரிதாக, இரத்தப் புற்றுநோயும் மூட்டு வலியாகத் தலைகாட்டுவதுண்டு. அந்நிலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் உண்மையான நோய் மறைந்து, கண்டறிவது தாமதமாகும்.

எனவே நோய் இன்னது என்று உறுதியாவதற்கு முன் வலிக்காக மட்டும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது எந்த நாட்டிலும் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. கனடாவில் வாழும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். காசநோய் பரவலாக உள்ள நாட்டுக்கு அண்மையில் சென்று வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கூறுவது நல்லது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

எந்த மூட்டில் அழற்சி உள்ளது என்பது எப்படி உறுதி செய்யப்பட்டது, கிருமித் தொற்று இல்லை என்பது தெரியுமா, எந்தப் படமுறை பயன்படுத்தப்படும், அதில் கதிர்வீச்சு உண்டா, எந்த மருந்து, மயக்கம் தேவையா, ஊசிக்குப் பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள் ஆகிய கேள்விகளைப் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். சிக்கிட்ஸ் மருத்துவமனையின் 'அபௌட்கிட்ஸ்ஹெல்த்' என்ற நலவாழ்வுத் தகவல் சேவை தமிழிலும் கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் தாத்தா, பாட்டிகள் பிள்ளையைக் கவனிக்கும் வீடுகளுக்கு இது உதவக்கூடும்.

படம் பார்த்து ஊசி போடும் தொழில்நுட்பம் வளர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் எவ்வளவு துல்லியமான ஊசியும், ஏற்கெனவே நீண்டுவிட்ட காலையோ குன்றிவிட்ட தாடையையோ பழைய நிலைக்குக் கொண்டுவராது.

காலையில் நொண்டும் பிள்ளையை மதியம் ஓடுகிறதே என்று விட்டுவிடாமல், வீக்கமோ விறைப்போ 6 வாரங்களை எட்டும் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே இச்சிகிச்சை முழுப் பயன் தருவதற்கான முதல் நிபந்தனை. காய்ச்சலுடன் மூட்டு திடீரென வீங்கினாலோ, பிள்ளை காலை ஊன்றவே மறுத்தாலோ அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.